‘இறக்கு’ என்றொரு கட்டளை

ராணுவத்தின் ரிசர்வ் படைப் பயிற்சிக்கு வரச்சொல்லி எனக்கும் என் மச்சானுக்கும் ஒரே நாளில் அழைப்பு வந்தது. நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் மூக்குக்கண்ணாடிக் கடையில் அடுத்த ஆளின் கண்ணைச் சோதிக்கப் போய்விட்டேன். மச்சான் காப்பீட்டு நிறுவனமொன்றில் மண்டல மேலாளர். அவர் அலுவலகத்தில் வழியனுப்பு விழாவே நடந்தது. கேக் வெட்டி, “எல்லை என்னை அழைக்கிறது” என்று தொடங்கி அரைமணி நேரம் பேசினாராம்.

எல்லைக்கும் எங்களுக்கும் வெகுதூரம். நாங்கள் பாலம் கட்டும் படைப்பிரிவு. ஆண்டுக்கொரு முறை ஆற்றங்கரையில் கூடி, இரும்புப் பாலம் ஒன்றைப் பூட்டி, மறுபடி கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்புவோம். போன ஆண்டு வரை படைத் தலைமையகத்தில் மின்விசிறிக்குக் கீழே நாட்டுக்கு உழைத்துக்கொண்டிருந்த மச்சானை, இந்த முறைதான் எங்கள் குழுவுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

“அண்ணனைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க,” என்றாள் மனைவி.

“நான் எங்க அவரைப் பார்த்துக்கறது? அவர்தான் நாட்டையே பார்த்துக்கப் போறாரே.”

முகாமில் சீருடையை மாட்டியபோது மச்சானின் கால்சட்டைப் பொத்தான் துளையை எட்டவில்லை.

“துணி சுருங்கிடுச்சு மாப்பிள்ளை.”

“ஆமா மச்சான். வயித்துப் பக்கம் மட்டும்தான் சுருங்கியிருக்கு.”

எங்களுக்கு வாய்த்த சார்ஜென்ட் முழுநேரப் படைவீரர், எங்களைவிட மிக இளையவர். பாலத்தின் இரும்பு உத்தரத்தைப் பக்கத்துக்கு நால்வராக எட்டுப் பேர் சுமக்க வேண்டும். தொடங்குமுன் அவர் ஒரு விதி சொன்னார்.

“தூக்கு, நட, நில்லு, எல்லாம் நான் சொல்வேன். ‘இறக்கு’ மட்டும் யார் வேணா சொல்லலாம். கை வழுக்குதா, இறக்கு. மூச்சு முட்டுதா, இறக்கு. கேட்டதும் எட்டுப் பேரும் குனிஞ்சிடணும். ஜெனரலே வந்து நின்னாலும் அதைத் தடுக்க முடியாது. யார் சொன்னது, ஏன் சொன்னதுன்னு கேக்கவும் கூடாது.”

“படையில இப்படியொரு ஜனநாயகமா!” என்று மச்சான் மீசைக்குள் சிரித்தார்.

முதல் சுமையிலேயே அவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. திடீரென்று கை விட்டுப்போக, உத்தரம் சாய்ந்து, அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றவரின் பூட்ஸ் நுனியை உரசிக்கொண்டு மண்ணில் புதைந்தது. அந்த எதிர்ப்பக்கத்து ஆள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். உயரத்துக்காக எல்லாரும் ஒட்டகம் என்று கூப்பிடுவோம்.

“கையுறை சரியில்ல,” என்றார் மச்சான்.

“கையுறைக்கு வாய் இல்லண்ணே. உங்களுக்கு இருக்கு,” என்றார் சார்ஜென்ட். “இன்னொரு தடவை சொல்லாம விட்டீங்கன்னா உத்தரத்துப் பக்கமே வரவேணாம். சமையல்கூடத்துல வெங்காயம் உரிக்கலாம்.”

தேநீர் நேரத்தில் ஒட்டகம் மச்சானின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“சார், எனக்குக் கால் ரெண்டுதான். ஒட்டகம்னு சும்மா பேருக்குக் கூப்பிடறாங்க. பார்த்துச் செய்யுங்க.”

மச்சான் சிரிக்கவில்லை. அன்று மாலை குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “இத்தனை வருஷமா ஆர்டர் போட்ட வாய் மாப்பிள்ளை. இந்த ஒரு வார்த்தை தொண்டையிலயே நிக்குது.”

“உங்க ஆபீஸ்ல யாரும் முடியலன்னு சொன்னதே இல்லையா?”

“சொன்னா அப்புறம் எங்கிட்ட வேலை பார்க்க முடியுமா?” என்றவர், கழுவிய தட்டையே மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

சோதனை நாளன்று கர்னல் வந்தார். குடைநிழலில் நாற்காலி போட்டு அமர்ந்து, கூப்பிடு தூரத்தில் நின்ற எங்களைத் தொலைநோக்கியால் பார்த்தார். பாதிப் பாலம் மிதவைகள்மேல் நின்றது. கடைசி உத்தரத்தை ஈரப் பலகைமேல் சுமந்துகொண்டு ஆற்றின் நடுவுக்குப் போக வேண்டும். கீழே தண்ணீர் அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு முன்னால் மச்சான். நாலெட்டு வைப்பதற்குள் அவர் முன்கை நடுங்கத் தொடங்கிவிட்டது. விரல்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. எதிரே ஒட்டகத்தின் பாதங்கள். மச்சானுக்குப் பதில் நானே சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன்.

“இறக்கு!”

மச்சான்தான். ஆனால் மேடைக் குரல் அல்ல. கரகரத்து, பாதியில் உடைந்த குரல். அது முடிவதற்குள் எட்டு முதுகுகளும் வளைந்தன. அத்தனை கனமான இரும்பு, நான் லென்ஸைத் துணிமேல் வைப்பதுபோல, ஓசையில்லாமல் பலகைமேல் படிந்தது. என் கைகளும் அதில் இருந்தன. இருந்தும் என்னால் நம்ப முடியவில்லை. குடைக்குக் கீழே தொலைநோக்கி இறங்கியது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சார்ஜென்ட் ஆற்றைப் பார்த்தபடி, “மூச்சு விடுங்க,” என்றார். சற்றுப் பொறுத்து, “தூக்கு.”

கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு “இறக்கு!” இந்த முறை ஒட்டகம். குனிந்த நிலையிலேயே மச்சானைப் பார்த்து முணுமுணுத்தார்: “எனக்கும் அப்பவே வழுக்கிச்சு சார். யாராவது முதல்ல சொல்லட்டும்னு இருந்தேன்.”

பாலம் பூட்டியதும் கர்னல் எழுந்து, மேலிருந்து வரும் ஆணைக்குக் கீழே இருப்பவர்கள் கட்டுப்படுவதன் மகிமையைப் பற்றி உரையாற்றினார். நல்லவேளையாக, பாலத்தைச் சோதிக்க அதன்மேல் ஓட்டவிருந்த லாரி உறுமத் தொடங்கியது.

மச்சான் பேச்சையும் கேட்கவில்லை, லாரியையும் பார்க்கவில்லை. தன் உள்ளங்கைகளையே விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருன்னு ஒருத்தன்கூட கேக்கல மாப்பிள்ளை. எங்க ஆபீஸா இருந்தா, அதைக் கண்டுபிடிக்கவே நான் மூணு மீட்டிங் போட்டிருப்பேன்.”

“அதுக்குள்ள யாரோட காலாவது போயிருக்கும் மச்சான்.”

லாரியின் முன்சக்கரம் பாலத்தில் ஏறியது. பாலம் ஒரு சாண் தாழ்ந்து, நீரைத் தொட்டு, நின்றது. ஒட்டகம் தன்னையறியாமல் மச்சானின் தோளைப் பற்றினார். மண்டல மேலாளர் அந்தக் கிரீஸ் கையைத் தட்டிவிடாமல், பாலத்திலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்:

“தாங்குது.”