விசிலுக்குக் காத்திருந்த வரிசை

"முன்னாடி நிக்கிறவ தோள்ல கையை வை. நான் விசில் ஊதுற வரைக்கும் ஒரு ஈ காக்கா அசையக் கூடாது" என்றார் தலைமையாசிரியை.

மேல்மாடி வகுப்பறையில் பிள்ளைகள் உயர வரிசைப்படி நின்றார்கள். தீ விபத்துப் பயிற்சியைப் பார்க்க அதிகாரி வரப்போகிறார். வரிசை கோணினால் பள்ளியின் மானம் போகும். எல்லோருக்கும் முன்னால், வாசலை ஒட்டி நின்றவள் தச்சரின் மகள். வகுப்பில் அவளுக்குப் பேர் பொடிசு.

"டீச்சர், நெஜமாவே தீ பிடிச்சா?" என்று கேட்டாள் பொடிசு.

"அப்பவும் இதேதான். வாயை மூடு, வாலு."

வகுப்பு சிரித்தது.

அதிகாரி வந்தார். "கம்பி நட்ட மாதிரி நிக்குதுங்களே!" என்று மெச்சினார். தலைமையாசிரியைக்கு உச்சி குளிர்ந்தது.

அடுத்த வாரம் கீழே ஆய்வுக்கூடத்தில் மின்கசிவால் தீப்பிடித்தது. மேல்மாடி வகுப்பின் ஆசிரியை அன்று விடுப்பு. தலைமையாசிரியை கீழ்த்தளப் பிள்ளைகளை மைதானத்துக்கு விரட்டினார். விசில் அவர் நினைவிலேயே இல்லை. கூச்சல் கேட்டதும் மேலே இருப்பவர்களும் இறங்கியிருப்பார்கள் என்று நினைத்தார். மைதானத்தில் அந்த வகுப்பைக் காணவில்லை. நிமிர்ந்தார். சன்னல்களில் புகை.

தீயணைப்பு வீரர்கள் எல்லோரையும் தூக்கி வந்தார்கள்.

"படிக்கட்டுல ரொம்ப நேரம் தீயே இல்லம்மா. ஓடி வந்திருக்கலாம். தோள்ல கையை வச்சுக்கிட்டு அப்படியே நிக்குதுங்க" என்றார் அவர்களில் ஒருவர்.

வாசலை ஒட்டி நின்றவள் மட்டும் பிழைக்கவில்லை.

மருத்துவமனை நடையில் தச்சர் உட்கார்ந்திருந்தார். கைகளில் இன்னும் மரத்தூள். திட்டுவார், கை நீட்டினாலும் நீட்டுவார் என்று நினைத்துத்தான் தலைமையாசிரியை அருகே போனார்.

தச்சர் எழுந்து நின்றார். "டீச்சர் பேச்சைத் தட்டாதேன்னு நான்தாங்க தினமும் சொல்லி அனுப்புவேன்."



பள்ளி மீண்டும் திறந்த அன்று தச்சர் உட்படப் பெற்றோர் மைதானத்தில் கூடியிருந்தார்கள். தலைமையாசிரியையின் அறைக்குள் அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "பசங்க பயத்துல உறைஞ்சு போயிட்டாங்கன்னு சொல்லிடுங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"பயந்திருந்தா ஓடியிருப்பாங்க சார்."

"என்னம்மா பேசுறீங்க?"

"பார்க்க வர்றவங்களுக்காக அவங்களை நிக்கப் பழக்கினோம். உயிர் தப்பிக்கப் பழக்கலை. கண்காட்சிக்கு நடத்துற பயிற்சி பயிற்சியே இல்ல சார், கொலை. அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட இதை நானே சொல்றேன்."

அவர் கதவைத் திறந்துகொண்டு மைதானத்தை நோக்கி நடந்தார்.