எங்கே வலிக்குதுன்னு சொல்லு

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவின் வாசல் பெஞ்சில் மில்காரியும் அவள் தம்பியும் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் ஏழு வயது மகள். மூன்று நான்கு சொற்களுக்கு மேல் பேச்சு வராத பிள்ளைக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர் வைத்தது தாய்மாமன்தான். ஆரம்பத்தில் முறைத்த மில்காரியும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

ஒரு வாரமாக ரேடியோ சாப்பாட்டைத் தொடவில்லை. இடது கன்னத்தை அறைந்துகொண்டு அலறினாள். எதிர்வீட்டுக்காரியும் டீச்சரும் மருந்துக்கடைக்காரரும் பேசிவைத்துக்கொண்டதுபோல் ஒரே பதில்தான் சொன்னார்கள்: “பேச்சு வராத பிள்ளைங்க அப்படித்தான்.” போன வருடம் வலிப்பு வந்தபோதும் அப்படித்தான் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கீழே விழுந்து நுரை தள்ளிய பிறகுதான் அது வலிப்பானது.

உள்ளே டாக்டர் பழைய சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “பாப்பா, எங்க வலிக்குது? சொல்லு.”

“அவ பேச மாட்டா சார். அந்தச் சீட்டுலயே போட்டிருக்கே.”

“அப்புறம் வலிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ரேடியோ இரண்டு மணிக்கட்டுகளையும் குறுக்கே வைத்துக் காட்டினாள். மில்காரி வேலை பார்க்கும் நூல் மில்லின் இரைச்சலில் வாயால் பேசி ஆகாது, எல்லாம் கைச்சைகைதான். இந்தச் சைகைக்கு ‘மெஷினை நிறுத்து’ என்று அர்த்தம். அம்மாவிடமிருந்து பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நிறுத்தச் சொல்றா சார். வலியை.”

டாக்டர் சிரித்தார். “இதெல்லாம் இவங்களுக்குப் பழக்கம்மா. சும்மா கையை ஆட்டுவாங்க. தூங்கறதுக்கு ஒரு சிரப் எழுதறேன்.”

“தூங்க வைக்க எனக்குத் தெரியும். பார்க்கத்தான் உங்ககிட்ட வந்தேன். காதுன்னு நினைக்கிறேன், பாருங்க.”

டாக்டர் வேண்டாவெறுப்பாகக் காதுக்குள் டார்ச் அடித்தார். காது சுத்தமாக இருந்தது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. “பார்த்தீங்களா? ஒண்ணுமில்ல.”

“காதுல இல்லைன்னா வலியே இல்லைன்னு ஆயிடுமா? இடம் தெரியாமத்தானே சார் உங்ககிட்ட வந்தேன். அடுத்த இடத்தைப் பாருங்க.”

பின்னால் நின்ற தம்பி மெல்லச் சொன்னான். “சார், எங்கக்கா மில்லுல யூனியன்ல இருக்கு. பார்த்துட்டீங்கன்னா எல்லாருக்கும் நல்லது.”

டாக்டர் பல் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தள்ளிவிட்டார்.

பல் பிரிவில் இருந்த இளம் டாக்டர் சீட்டைப் படித்ததுமே இரண்டடி பின்வாங்கினார்.

“பேச்சு வராத கேஸா? கடிச்சிடும்மா. வலிப்பு வேற இருக்கு. மயக்கம் குடுத்துத்தான் பார்க்க முடியும். பேர் குடுத்துட்டுப் போங்க, அடுத்த வருஷம் கூப்பிடுவாங்க.”

“பல்லைப் பிடுங்க மயக்கம் குடுங்க, புரியுது. வாயைப் பார்க்கறதுக்கு எதுக்கு மயக்கம்?”

“ரூல்ஸ்மா.”

“கடிச்சா என்னைக் கடிக்கட்டும். நான் அவளை வயித்துல சுமந்தவ, எனக்கு ஒண்ணும் ஆகாது.”

மில்காரி செருப்பைக் கழற்றிவிட்டு மகளோடு பல் நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டாள். உதவியாளர் அம்மாள் “இறங்கும்மா, இறங்கு” என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மில்காரி நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை. வாசலில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“என்னப்பா நடக்குது உள்ள?” என்றார் ஒருவர்.

“ஒண்ணும் நடக்கலைங்க. அதான் பிரச்சினையே” என்றான் தம்பி.

மில்காரி கையை நீட்டி விளக்கைத் தானே இழுத்துப் போட்டாள். மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, தன் வாயை ஆவென்று திறந்து காட்டினாள். ரேடியோ கொஞ்ச நேரம் அம்மாவின் தொண்டையையே பார்த்தாள். பிறகு அவளும் திறந்தாள். யாரையும் கடிக்கவில்லை.

இடது கடைவாயில் ஈறு பழம்போல் பழுத்திருந்தது. பல் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு குழி. வாசலில் நின்ற தம்பிக்கே அது தெரிந்தது. உதவியாளர் அம்மாள் முந்தானையை விட்டுவிட்டு, “ஐயோ, தங்கம்” என்றாள்.

இளம் டாக்டர் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்று பெரிய டாக்டரிடம் போனில் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். “இல்ல சார், நான் இன்னும் பார்க்கல… ஆமா சார், அப்படிப்பட்ட கேஸ்தான்… சரி சார், லைன்ல இருக்கேன்.”

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எச்சில் தாடையில் வழிந்து அம்மாவின் கையை நனைத்தது. ரேடியோ திறந்த வாயை மூடவே இல்லை.