காணிப்பாக்கத்துக் கூட்டாளி

சித்தூரில் என்னைவிட விவரமானவன் கிடையாது என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்ல வேண்டியிருந்தது.

வேங்கடாசலம் முதலாளியின் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் நான் பர்ச்சேஸ் மேனேஜர். பங்காருபாளையம் மண்டியில் பழம் பார்த்து எடுப்பது என் வேலை. இந்தத் தமிழ்ச்செல்வன் கையில் எடுத்துப் பார்த்து நல்ல பழம் என்றால் நல்ல பழம், சொத்தை என்றால் சொத்தை. மறுபேச்சு கிடையாது. இவ்வளவு அதிகாரத்தை ஒருத்தன் கையில் கொடுத்தால் அவன் புத்தி சும்மா இருக்குமா? முதல் தரத் தோத்தாபுரி மாம்பழத்தைச் சொத்தை என்று ஒதுக்கி, அடிமாட்டு விலைக்கு நானே வாங்கி, திருப்பதியில் எங்களுக்குப் போட்டியான கம்பெனிக்கு விற்றேன். மிச்சம் மீதி என் முதலாளிக்கு. வியாபாரத்தின் பெயர் ஹரிப்ரியா ஃப்ரூட்ஸ். ஹரிப்ரியா என் பெண்டாட்டி. ரேஷன் கார்டு வேலை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். தனக்கு ஒரு கம்பெனி இருப்பது சம்மன் வந்த அன்றைக்குத்தான் அவளுக்கே தெரியும்.

குடிபாலா கிராமத்து விவசாயி ஒருத்தர் தன்னுடைய 'சொத்தை'ப் பழம் திருப்பதி கம்பெனி வாசலில் ராஜமரியாதையோடு இறங்குவதைப் பார்த்துவிட்டு, நேராக முதலாளியிடம் போய்விட்டார். முதலாளி என்னை சஸ்பெண்ட் செய்தார். கோர்ட்டில் கேஸும் போட்டார்.

சித்தூர் வக்கீல்களில் பாதிப் பேர் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். அதனால் திருப்பதிக்குப் பஸ் ஏறி, தேவசேனா மேடத்தைப் பிடித்தேன்.

"வேற யாபாரம் பண்ணக்கூடாதுன்னு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல எங்கியும் எழுதல மேடம்," என்றேன், பெரிய பாயிண்டைக் கண்டுபிடித்தவன் மாதிரி.

"எழுதணும்னு இல்லீங்க. அவர்கிட்ட சம்பளம் வாங்கிக்கினு அவருக்கே போட்டியா நிக்கக்கூடாது. நிரூபிச்சிட்டா வேலை போவும். நீங்க சம்பாரிச்ச லாபம் அவருக்குப் போவும். அவருக்கு ஆன நஷ்டத்துக்கு உங்க கிராஜுவிட்டியில கை வெப்பாங்க."

அடுத்த வருஷம் ரிடையர் ஆனால் வரும் அந்தப் பணத்தை நம்பித்தான் மகள் ஹர்ஷினியை நர்சிங்கில் சேர்த்திருந்தேன்.

"ஆனா எல்லாமே உங்க வீட்டம்மா பேர்ல இருக்குது. நெஜமான ஓனர் நீங்கதான்னு சொல்ல உங்க மொதலாளிக்கு ஒரு சாட்சி வேணும். கிடைக்கிறது கஷ்டம்," என்றார் மேடம்.

திரும்பும் பஸ் சந்திரகிரி தாண்டுவதற்குள் நான் கேஸை ஜெயித்துவிட்டேன். மனசுக்குள்தான்.

கோர்ட்டில் சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"வாய்தா வாய்தான்னு நடந்துகினு இருக்க என்னால ஆவாது. காணிப்பாக்கம் வரட்டும். கொளத்துல முழுகிட்டு, ஈரத் துணியோட சாமி எதிர்ல, 'அந்த யாபாரம் என்னுது இல்ல'ன்னு பிரமாணம் பண்ணட்டும். கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன். மறுநாளே வேலைக்கு வரட்டும்."

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. ஆடு திருட்டு முதல் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வரை காணிப்பாக்கத்துப் பிள்ளையாரிடம்தான் தீரும். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான். எனக்கும் பயம்தான். ஆனால் நான் விவரமானவன் ஆயிற்றே! பத்திரப்படி வியாபாரம் ஹரிப்ரியாவுடையது. அப்புறம் 'என்னுது இல்ல' என்பது எப்படிப் பொய்யாகும்? சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் இந்த நுணுக்கத்தை விளக்கினேன். ஹரிப்ரியா தலையில் அடித்துக்கொண்டாள். "சாமி இன்னா ரிஜிஸ்தர் ஆபீஸ்லயா குந்திகினு இருக்காரு, பத்திரம் பாக்க?"

குளத்தில் முழுகினேன். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட சந்நிதியில் போய் நின்றேன். பக்கத்தில் முதலாளி. அர்ச்சகர் கற்பூரம் ஏற்றினார். வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் பாழாய்ப்போன ஞாபகம் வந்தது. சித்தூர்க்காரன் வண்டி வாங்கினால் எங்கே பூஜை போடுவான்? ஹரிப்ரியா ஃப்ரூட்ஸ் மினி லாரிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நான் வந்து நின்றது இதே இடம். கண்ணீர் விட்டு வேண்டிக்கொண்டது இதே சாமியிடம். "சாமி, இது நம்ம ரெண்டு பேர் யாபாரம். பாதி உனக்கு, பாதி எனக்கு. மொதலாளிக்கு மட்டும் தெரியாம பாத்துக்க."

கிடைப்பது கஷ்டம் என்று மேடம் சொன்ன சாட்சி எதிரில் வெள்ளிக் கவசத்தோடு உட்கார்ந்திருந்தது. வியாபாரத்தில் கூட்டுச் சேர்த்து அதைச் சாட்சியாக்கியவனே நான்தான்.

"இன்னாடா, சொல்லு," என்றார் முதலாளி.

"அந்த யாபாரம்..." பல் கிட்டிக்கொண்டது. "அந்த யாபாரத்துல... பாதிதான் மொதலாளி என்னுது."

"மீதி?"

கையை நீட்டிக் காட்டினேன். முதலாளி சாமியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கன்னத்தில் ஒன்று விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"அவருக்காவது ஒழுங்கா பங்கு குடுத்தியாடா?"

ஒரு தேங்காய் உடைத்ததோடு சரி.

"எனக்காவது கோர்ட்டு இருக்குது, வாங்கிக்குவேன். பாவம், அவர் எங்கடா போவாரு?"

அடித்திருந்தால்கூடத் தேவலை. ஈரத் துணியோடு கூனிக் குறுகி நின்றேன். அவமானம் பிடுங்கித் தின்றது.

மேடம் சொன்னதில் ஒன்றுகூடத் தவறவில்லை. வேலை போயிற்று, லாபம் போயிற்று, கிராஜுவிட்டியும் நஷ்டத்துக்குப் போயிற்று. ஹர்ஷினியின் படிப்பை ஹரிப்ரியாதான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள், சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் பழம் போட்டு. பேப்பரில் மட்டும் முதலாளியாக இருந்தவள் இப்போது நிஜ முதலாளி. நான் அவளிடம் வேலை பார்க்கிறேன்.

காலையில் மண்டியிலிருந்து பழம் வந்ததும் நான்தான் தரம் பிரிக்கிறேன். பிரித்து முடித்ததும் அவள் வந்து உட்கார்ந்து, நான் சொத்தை என்று ஒதுக்கிய பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் பார்க்கிறாள்.