தாமாக உள்ளே வந்த சால்வியாக்கள்

1977ஆம் ஆண்டு தைப்பொங்கல் இரவில், குவைத்தின் ஃபஹாஹீலில் ஒரு மூன்றாம் மாடி பால்கனியில் இருந்த சால்வியாச் செடிகள் ஒன்பதும், குளிர் தாங்காமல் தாமாகவே நடந்து வீட்டுக்குள் வந்துவிட்டன. அன்று வாடைக்காற்று அடித்தது. சந்தைக்கு வழக்கம்போல மீன் வந்திருந்தது.

செடிகளுக்குச் சொந்தக்காரி பிரபாவதி, சுத்திகரிப்பு ஆலை இன்ஜினியர் கல்யாணசுந்தரத்தின் மனைவி. குன்னூரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவந்த தண்டுகளை, அடியில் ஓட்டை போட்ட பால்பவுடர் டின்களில் நட்டு வளர்த்தாள். முதல் குளிருக்கு உள்ளே வைத்துக் காப்பாற்றியவள், தை பிறந்தால் குளிர் போய்விடும் என்ற கோயம்புத்தூர்க் கணக்கில் முந்தைய ஆண்டுப் பொங்கலன்றே எல்லாவற்றையும் வெளியே வைத்தாள். குவைத் குளிருக்குப் பஞ்சாங்கம் தெரியாது. உறைபனியில் அத்தனையும் கருகின. டின் ஒழுகுகிறதென்று சமையலறையிலேயே விட்டுவைத்த ஒரே ஒரு செடி பிழைத்தது. "பேசாம பிளாஸ்டிக் பூ வாங்கி வெச்சிரலாம், பிரபா" என்றார் கல்யாணசுந்தரம். மாசி முழுக்க அவள் அவரோடு பேசவில்லை.

அந்த ஒற்றைச் செடியைக் கிள்ளிக் கிள்ளி நட்டு ஒன்பதாக்கினாள். அடுத்த குளிர் வந்ததும் பாதியாக வெட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகே கஞ்சத்தனமாகத் தண்ணீர் விட்டாள். இதுவும் போனால் இனி மண்ணையே தொடுவதில்லை என்று சொல்லியிருந்தாள். பொங்கல் காலையில் சூரியனுக்குப் படைத்தபோது, செடிகளும் கொஞ்சம் வெயில் காயட்டும் என்று ஒன்பதையும் பால்கனியில் வைத்தாள். பக்கத்து ஊரான அகமதியில் நண்பர் வீட்டு விருந்துக்குக் கிளம்பிய அவசரத்தில், கதவைத் தாழிட்டவள் செடிகளை மறந்தே போனாள். கார் மக்கர் பண்ணியதால் மறுநாள் காலையில்தான் திரும்ப முடிந்தது. வழியெல்லாம் வெள்ளைப் பனி. மூன்று மாடியும் அழுதுகொண்டே ஏறினாள்.

ஒன்பது டின்னும் ஜன்னலடியில் வரிசையாக நின்றன. பால்கனிக் கதவில் போட்ட தாழ் போட்டபடி இருந்தது. கம்பளத்தில் ஈரமண் வட்டங்கள். கல்யாணசுந்தரம் தாழ்ப்பாளைத் திரும்பத் திரும்ப ஆட்டிப் பார்த்தார். "ராவெல்லாம் டின் இழுக்குற சத்தம் கேட்டுச்சே, நீங்க வந்துட்டீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார் கட்டடக் காவலாளி மூசா.

பங்குனியில் பால்கனி முழுக்கச் சிவப்பு. சாலையில் போகிறவர்கள் காரை நிறுத்திப் பார்த்தார்கள். மாடிக்கு மாடி தண்டு கேட்டு வந்தார்கள். பிரபாவதி தலை நிமிர்ந்து கிள்ளிக் கொடுத்தாள். அந்தச் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அதன்பின் ஒவ்வொரு குளிருக்கும் அந்தக் கட்டடத்தில் டின்கள் தாமாகவே உள்ளே போயின. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. முதல் வாடை அடிக்கும் சாயங்காலம், கல்யாணசுந்தரம் பால்கனி வாசலிலிருந்து ஜன்னல்வரை பழைய பேப்பர் விரிப்பார். "கம்பளத்த மிதிக்காம வாங்க" என்று வெளியே பார்த்துச் சொல்லிவிட்டு, டூட்டிக்குக் கிளம்புவார்.