முதல் பத்தியை வெட்டுகிறவர்

1

"நல்ல கட்டுரை எப்படி எழுதறதுங்க?"

"எழுதிட்டு முதல் பத்தியை வெட்டிடு. அது சும்மா தொண்டையைச் செருமற வேலை."

"ரெண்டாவது பத்தியையே முதல்ல எழுதிட்டா?"

"அதையும் வெட்டுவேன்."

கல்யாணமான புதிதில் ஒரு கணவனும் மனைவியும் பேசிச் சிரித்தது இது. இந்தக் கதை பிறந்ததும் இதிலிருந்துதான். அவர் ஒரு வார இதழில் உதவி ஆசிரியர். அவள் அதே இதழுக்கு வீட்டுக்குறிப்புகள் எழுதுகிறவள்; அவற்றைத் திருத்துவதும் அவர்தான்.

2

அவளுக்கு ஒரு குழந்தையைத் தத்தெடுக்க ஆசை. இரண்டு முறை கரு வயிற்றில் தங்காமல் போனபின் அந்த வீட்டில் குழந்தை என்ற சொல்லே புழங்குவதில்லை. நேரில் கேட்க நா எழவில்லை. அதனால் கட்டுரைகளின் முதல் பத்தியில் கேட்டாள். துணியில் கறை நீக்குவது பற்றி எழுதும்போதும் கேட்டாள், அலமாரி அடுக்குவது பற்றி எழுதும்போதும் கேட்டாள். எப்படியும் வெட்டிவிடுவார், ஊர் பார்க்காது, அவர் மட்டும் படிப்பார்.

வெட்டினார். வாய் திறக்கவில்லை. இஷ்டமில்லை போலிருக்கிறது என்று அவள் மனதை மூடிக்கொண்டாள். ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை.

(இங்கே அவரைக் கல்நெஞ்சக்காரராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவளுக்குத் தலைவலி என்றால் விளக்கைப் போடாமல் இருட்டிலேயே சாப்பிட்டு எழுகிற மனிதர் அவர்.)

3

'நல்ல கட்டுரை எழுதுவது எப்படி' என்று ஒரு கட்டுரையை இந்த வாரம் இதழில் அவளிடம் கேட்டிருந்தார்கள். எழுதி அனுப்பிவிட்டு, அலுவலகத்தில் அவர் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையில் கட்டுரை விரிந்ததும் அவர் விரல் முதல் பத்தியை அழித்தது. கண் அதன்மேல் படவே இல்லை.

"என்னங்க, படிக்காமலேயா?"

"படிச்சா வெட்ட மனசு வராதும்மா. யாரோட முதல் பத்தியையும் நான் படிக்கிறதில்ல."

"என்னோடதையும்?"

"உன்னோடதை வெட்டறதுதான் ரொம்பக் கஷ்டம். அதனால அந்தப் பக்கமே பார்க்க மாட்டேன்."

அவள் இத்தனை காலம் சுமந்த மறுப்பை அவர் சொன்னதே இல்லை.

4

அவள் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குத் திரும்பி

(வேண்டாம்.)

அவர் உடனே அவள் கையைப் பிடித்துக்கொண்டு

(அதுவும் வேண்டாம். என் நாவல்களில் அப்படித்தான் நடக்கும். அவருக்கு யோசிக்க நேரம் வேண்டும். என்ன சொல்வார் என்று எனக்கே தெரியவில்லை. அவர் பதிலை உங்களிடம் விடுகிறேன்.)

"ஏங்க, திரையை விடுங்க. என்னைப் பாருங்க."

"என்னம்மா, முகமே ஒரு மாதிரியா இருக்கு?"

"நாம ஒரு குழந்தையைத் தத்தெடுத்துக்கலாமாங்க?"