பஞ்சு ரூம்

ஆவணி மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டு மாடியறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சின்னுசாமியாகிய நான். என் மனைவி ராமாயி. எங்கள் ஒரே மகள் மதுமதி. அவளுடைய கணவர் குமரகுரு. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் அவருடைய பெரியப்பா வேலுமணி. அவர்கள் கூட்டிவந்த கார் டிரைவர் கீழே வண்டியில் இருந்தார், மேலே வரவில்லை. எருமப்பட்டிக் கடைவீதியில் பதினோரு பேர் கூடியதாகவும், வக்கீல் ஒருவர் வந்திருந்ததாகவும் பேசிக்கொள்கிறார்கள். ஐந்து பேர்தான்.

அந்த அறையைத் தேர்ந்தெடுத்தது நான். எங்கள் வீடு பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியது. கூடத்தில் பேசினால் பேசி முடிப்பதற்குள் எதிர் டீக்கடைக்குப் போய்விடும். மகள் மாடியறையின் நான்கு சுவர்களிலும் சத்தத்தை உறிஞ்சும் கல்பஞ்சு அடைத்த பலகைகளை நிறுத்தி, அவற்றின் மேல் சாம்பல் நிறத் துணி சுற்றியிருந்தாள். கதவின் விளிம்பெல்லாம் ரப்பர். இருந்த ஒரு ஜன்னலையும் மூடியாகிவிட்டது. சத்தம் போடுகிறது என்று மின்விசிறியைக் கழற்றி மொட்டைமாடியில் வைத்துவிட்டாள். ஊரார் அதற்குப் பஞ்சு ரூம் என்று பெயர் வைத்திருந்தார்கள். குடும்ப விஷயம் வெளியே போகாமலிருக்க எருமப்பட்டியிலேயே அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று நினைத்தேன்.

மதுமதியின் வேலை ஒலி சம்பந்தப்பட்டது. சென்னையில் யாரோ புத்தகம் வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். இவள் அதில் உள்ள மூச்சையும் இருமலையும் நீக்கி, ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்து, கேட்கும்படி ஆக்கித் திருப்பி அனுப்புவாள். சித்திரையில் மாரியம்மன் நோம்பிக்கு வந்தவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. காரணம் கேட்டேன். "வேலை இருக்குதுங்கப்பா" என்றாள். மேலும் கேட்பது எனக்கு வழக்கமில்லை. ஆனி மாதம் நாமக்கல்லில் ஒரு கல்யாணப் பந்தியில் வேலுமணி என்னருகே உட்கார்ந்து, இலை போட்டதும், வரிசை முழுக்கக் கேட்கும்படி, "ஏனுங்க சம்பந்தி, எங்கூட்டு மருமவளை எப்ப அனுப்பறதா உத்தேசம்?" என்று கேட்டார். நாற்பது பேர் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். "ஆவணி பொறந்ததும் நானே அனுப்பி வெக்கறேன்" என்றேன். மகளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இருபது வருடம் பால் சங்கத் தலைவராக மைக் இல்லாமல் பேசியவன் நான். நாற்பது பேர் முன்னால் அப்படி ஒரு வாக்கியம் எனக்கு வாயில் வராது.

அன்று காலை எட்டு மணிக்கு மாடிக்குப் போனபோது அவள் மேசையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று செங்கல் அளவு, கறுப்பு இரும்பு, தனி மின்வயர். இன்னொன்று சட்டைப்பையில் போடலாம். கம்ப்யூட்டரிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் வரவழைத்திருந்தாள். பத்து நாளைக்குள் ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். கூரியர்காரர் மறுநாள் வருவதாக இருந்தது.

"என்ன சாமி இது?" என்று மகளிடம் கேட்டேன்.

"டிஏசிங்கப்பா. கம்ப்யூட்டருக்குள்ள ஓசையெல்லாம் வெறும் நம்பருங்க. இதுதான் அதை மறுபடி ஓசையாக்கி ஸ்பீக்கருக்குக் குடுக்குது. இது பொய் சொல்லிருச்சுன்னா நான் சரி பண்ணுறதெல்லாம் தப்பாத்தான் போவும்."

அவளுக்கு வேறு ஆள் இல்லாததால் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொன்னாள். ஒரு பெண் எதையோ வாசித்தாள். "இது ஒண்ணு" என்றாள் மகள். அதே வாசகம் திரும்ப வந்தது. "இது ரெண்டு. எது நல்லாருக்குதுங்க?"

"ரெண்டு. சந்தேகமே இல்லை. கணீர்னு இருக்குது."

அவள் சிரித்தாள். சித்திரைக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "ரெண்டும் ஒரே பொட்டிதானுங்க. ரெண்டாவதுக்கு ஒரு நூல் சத்தம் கூட வெச்சேன். சத்தம் கூடுனா எல்லாரு காதும் அதைத்தான் நல்லதும்பாங்க. அதனால முதல்ல ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டாரோணும். பொறவுதான் எது நெசம்னு பாக்க முடியும்."

மீட்டரை வைத்து இரண்டு பெட்டிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து மீண்டும் போட்டாள். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல மனமில்லாமல் தொண்டையைச் செருமினேன். அந்த நேரத்தில் தோட்டத்தில் போர்வெல் மோட்டார் ஓடத் தொடங்கியது திறந்திருந்த கதவு வழியாகக் கேட்டது. ஸ்பீக்கரில், அந்தப் பெண்ணின் குரலுக்குக் கீழே, ஈ பறப்பதுபோல ஒரு ரீங்காரம். மகள் ஒரு பித்தானைத் தட்டினாள், ரீங்காரம் நின்றது. திரும்பத் தட்டினாள், வந்தது.

"மோட்டார் ஓடுனா கரண்டு வழியா சின்னதுல வருதுங்க. பெருசுல இல்லை. ஹெட்போன் போட்டா சின்னதுலயும் வராது."

"அப்பச் சின்னதையே வெச்சுக்க. ஹெட்போன் போட்டுக்கிட்டா ஆச்சு. கைப்பையில போட்டு எங்க வேணாலும் கொண்டுபோவலாம்."

அவள் சின்னப் பெட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "எங்க இருக்கப் போறேன்கறதைப் பொறுத்ததுங்கப்பா" என்றாள். பத்தரை மணிக்கு அவர்கள் வருகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணப் பந்தியில் நான் சொன்னதும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர். குடித்தால் உறவு இருக்கிறது. வேலுமணி வாசலிலேயே செருப்பைக் கழற்றியபடி, "தண்ணி பொறவு குடிச்சுக்கலாம் சம்பந்தி. நாயம் முடியட்டும்" என்று சொல்லிவிட்டார். ராமாயி விடாமல் தட்டில் தம்ளர்களை வைத்து மாடிக்குக் கொண்டுவந்தாள். மேசைமேல் வைக்கப் போனவளை மகள் தடுத்து, பெட்டிகளுக்கு எட்டாமல் தட்டைத் தரையில் வைத்தாள். கதவைச் சாத்தினேன். ரப்பர் அழுந்தி ஒரு மூச்சு விட்டதுபோல மூடிக்கொண்டது. அதன் பிறகு கடைவீதி இல்லை, மோட்டார் இல்லை, காக்கை இல்லை. சோதனைக்காக ஏசியை நிறுத்தியிருந்தாள். நானும் போடச் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் ஐந்து பேருக்கும் வேர்த்து வழிந்தது.

அந்த அறையில் மற்றவர்களோடு பேசியதில்லை என்பதால் ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. அங்கே குரல் திரும்பி வராது. "சம்பந்தி, வந்த காரியத்தைச் சொல்லுங்க" என்று என் வழக்கமான குரலில் தொடங்கினேன். அது வாயைவிட்டு வெளியே வந்து காலடியில் விழுந்தது. பால் சங்கக் கூடத்தில் தகரக் கூரைவரை போய்வந்த குரல் அது. வயிற்றிரைச்சல்கூடக் கேட்கும் இடத்தில் அது ஒரு வயதானவனின் சொற்களாக மட்டும் இருந்தது. வேலுமணிக்கும் அப்படித்தான் ஆனது. ரிக் கம்ப்ரஸர் பக்கத்திலேயே வாழ்ந்து பழகியவர். இன்னும் உரக்கப் பேசிப் பார்த்தார். அறை அதையும் குடித்துக்கொண்டது.

"நாங்க வேலை செய்ய வேண்டாம்னா சொல்றோம்? என்னமோ சின்னப் பொட்டி வந்துருக்குதாமா. அதைக் கொண்டாந்து, காதுல மாட்டிக்கிட்டு ஒரு மூலையில உக்காந்து செய்யட்டும். சத்தம் வராம இருந்தாச் சரி. குமரனோட அம்மாளுக்குச் சத்தம் ஆவாது. வேற என்ன குறை அங்க?"

சின்னப் பெட்டியைப் பற்றி அவருக்குச் சொன்னது நான்தான். அன்று காலை மாடியிலிருந்து இறங்கியதும் போனில், எல்லாம் சுமுகமாக முடியும் என்று காட்டுவதற்காகச் சொல்லியிருந்தேன். மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. காலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த என்னை அவள் எப்படிப் பார்த்திருப்பாளோ அப்படிப் பார்த்தாள். பிறகு கணவரிடம் திரும்பினாள்.

"ரூம் கதவை மாட்டிட்டீங்களா?"

மெல்லத்தான் கேட்டாள். அந்த அறையில் மெல்லக் கேட்டதும் உரக்கக் கேட்டதும் ஒரே அளவில் இருந்தன. குமரகுரு தன் பெரியப்பாவைப் பார்த்தார்.

"எந்தக் கதவு?" என்றார் வேலுமணி.

"எங்க ரூம் கதவுங்க பெரியப்பா. பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்கறப்போ கழட்டுனது" என்றார் குமரகுரு.

"இது ஆவணி" என்றேன்.

"அம்மா கூப்பிட்டா இவளுக்குக் கேக்கறதில்லைங்க மாமா. காதுல மாட்டிக்கிட்டு, கதவையும் சாத்திக்கிட்டு… அதனால அம்மா, அது அப்படியே இருக்கட்டும்னு…"

"எங்க இருக்குது கதவு?" என்று கேட்டேன்.

"ரிக் பைப்பு அடுக்கற கொட்டாயில."

என் மகள் கல்யாணமாகி வாழப்போன வீட்டில், அவளும் அவள் புருஷனும் படுக்கிற அறைக்கு மூன்று மாதம் கதவில்லாமல் இருந்திருக்கிறது. ராமாயி பக்கம் திரும்பினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்ககிட்ட ஆருங்க சொல்றது?" என்றாள் ராமாயி. நாற்பத்தொரு வருடத்தில் மற்றவர்கள் முன்னால் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. "சொல்ல வாயெடுத்தா நீங்க பேச ஆரம்பிச்சிருவீங்க."

அப்போது குமரகுரு குனிந்து தட்டிலிருந்து ஒரு தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். மடக்கு மடக்காக, கடைசிச் சொட்டுவரை. ஒவ்வொரு மடக்கும் கேட்டது.

"குமரா!" என்றார் வேலுமணி.

"தாகமா இருக்குதுங்க பெரியப்பா" என்றார் மருமகன். இரண்டாவது தம்ளரையும் எடுத்தார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் அந்தத் தம்ளரைப் பார்த்ததும் எங்கேயோ போய்விட்டது. அந்த வீட்டில் கதவில்லாத அறையில் அவரும்தான் படுத்திருக்கிறார்.

வேலுமணி என்னிடம், "நாப்பது பேரு முன்னால வாக்குக் குடுத்துருக்கறீங்க சம்பந்தி" என்றார்.

"குடுத்தேன்."

"அப்ப?"

"கதவை மாட்டுங்க. மாட்டிப்போட்டு, வாராளா இல்லையான்னு அவகிட்டக் கேளுங்க. இனி எங்கிட்டக் கேக்காதீங்க."

சொன்ன வாக்கிலிருந்து நான் பின்வாங்கியது அது ஒன்றுதான். வேலுமணி எழுந்து கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். உள்ளங்கையால் மூன்று முறை பலமாகத் தட்டினார். முகம் சிவந்துவிட்டது. "என்ன கெரகம் இது, பூட்டிப்போட்டீங்களா?"

"இழுக்கோணுங்க மாமா" என்றாள் மதுமதி, எழுந்து வந்து கதவை இழுத்துத் திறந்துவிட்டாள். கடைவீதிச் சத்தம் முழுவதும் உள்ளே வந்தது. கீழே டிரைவர் வண்டியிலிருந்து இறங்கி மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் கூரியர்காரர் வந்தபோது வாசலில் கட்டிவைத்த அட்டைப்பெட்டியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு கையால் தூக்க முடிந்தது. அதற்குள் இருந்தது எது என்று அவளிடம் கேட்கவில்லை.

கதவு மாட்டியாயிற்று என்று திருச்செங்கோட்டிலிருந்து இதுவரை தகவல் இல்லை. மகளிடம் யாரும் கேட்கவும் இல்லை. நான் விசேஷங்களுக்குப் போவதில்லை. மொய்யை ராமாயியிடம் கொடுத்து அனுப்புகிறேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். பதினோரு மணிக்கு மோர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். கதவின் மேல் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தால் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். தட்டினால் கேட்காது. கூப்பிட்டாலும் கேட்காது. விளக்கு அணையும்வரை தம்ளரோடு படியில் நிற்கிறேன். மோர் சூடாகிவிடுகிறது.

சின்னுசாமி தன் மகளைப் பஞ்சு ரூமில் வைத்துப் பூட்டியிருக்கிறார், உள்ளே கதவைத் தட்டுகிற சத்தத்தைக் காதால் கேட்ட ஆள் இருக்கிறார் என்று ஊரில் பேசுகிறார்கள். தட்டியது வேலுமணி. அன்று அந்தக் கதவில் தாழ்ப்பாளே கிடையாது. இப்போது ஒன்று இருக்கிறது. ஆறு அங்குலப் பித்தளை. நாமக்கல்லில் வாங்கிவந்து நானே திருகாணி போட்டு மாட்டினேன். அது உள்பக்கம் இருக்கிறது.