வாசலும் வரும்

நிமிர்ந்து நின்றால் சதீசனுக்குத் தலை இடிக்கும். அடுப்பின் முன்னால் நிற்கிறவர் திரும்பினால் கட்டிலில் முழங்கால் முட்டும். அந்தக் கரவன் அவ்வளவுதான். காரின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற, ஒரு சோடிச் சில்லு மட்டுமே உள்ள பழைய வண்டி. ஆனாலும் அவன் மனைவி வேணுகாவின் முன்னால் அதைப் பற்றிக் கதைக்கிறவர்கள் வாயை அளந்துதான் திறக்க வேண்டும். அவளைக் கேட்டால், இந்த நாட்டில் அவள் பெயரில் இருக்கிற முதல் வீடு அது.

சுவிசுக்கு வந்த நாளிலிருந்து வாடகை வீடுதான். துன் நகருக்குள்ளேயே நாலு வீடு மாறியாயிற்று. எல்லாம் நல்ல வீடுகள், குறை சொல்ல முடியாது. நேரம் தவறாமல் சுடுதண்ணீர் வரும், படிக்கட்டில் முகம் பார்க்கலாம். ஆனால் ஒன்றுக்கும் வாசல் இல்லை. கதவைத் திறந்தால் பொது நடை, அயலவரின் சப்பாத்துகள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பனிச்சறுக்குக் கட்டைகள். பொங்கல் என்றால் வாசலில், சூரியனுக்கு முன்னால், நெருப்பு மூட்டிப் பொங்க வேண்டும் என்பதில் வேணுகாவுக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. ஆனாலும் வருடா வருடம் விட்டுக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். மின்னடுப்பில் பொங்கி, எதிர்க் கட்டடத்தின் சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள். ஒரே ஒரு வருடம் துணிந்து பால்கனியில் அடுப்பு மூட்டினாள். பால் பொங்குவதற்கு முன்னமே தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. தலைக்கவசம் போட்ட நாலு பேருக்கு நடுவில் மண்பானையோடு நின்ற கதையைச் சதீசன் இன்றைக்கும் விருந்துகளில் சொல்லிச் சிரிப்பான். அவளுக்கு அது சிரிப்பில்லை.

அதனால்தான் போன இலையுதிர் காலத்தில் அவள் கரவனை வாங்கினாள். சதீசன் ஓட்டலில் சமையல்காரன். கார் ஓட்டுவதென்றால் அவனுக்கு அவ்வளவு பிடிக்காது. வேணுகாவோ வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி மருந்து கொடுக்கிற வேலை செய்கிறவள். மலைக் கிராமங்களின் பனிப் பாதையில் வருடக்கணக்காகக் கார் ஓட்டியவள். கரவனை இழுக்கவும், அதைவிடக் கடினமான காரியமாகப் பின்னால் தள்ளவும், ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கிற ஒரு கடையின் வாகனத் தரிப்பிடத்தில் பழகினாள். பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கரவன் நினைத்த பக்கம் போகும். கையும் புத்தியும் ஒன்றுக்கொன்று சண்டை பிடிக்கிற வேலை அது.

செய்தி பாசல் நகருக்குப் போனது. அங்கே சதீசனுடைய அக்கா சிவமணி, கணவர் கனகசபையோடு, தோட்டம் வைத்த சொந்த வீட்டில் இருக்கிறாள். நல்ல மனுசிதான், கஷ்டமென்றால் முதல் ஆளாக ஓடி வருவாள். ஆனால் நாக்கு மட்டும் யாருக்கும் அடங்காது. வீடு வாங்க வழியில்லாமல் பெட்டி வாங்கியிருக்கினம் என்று அவள் சொன்னது, நாலு வீட்டுத் தொலைபேசிகளில் ஏறி இறங்கி வேணுகாவின் காதுக்கே வந்து சேர்ந்தது. வேணுகா இரண்டு நாள் சாப்பாட்டில் உப்புப் போட மறந்தாள். மூன்றாம் நாள் தானே மச்சாள் சிவமணியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த முறை பொங்கல் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது, எங்களுடைய வீட்டு வாசலில்தான் பொங்கல், கட்டாயம் வர வேண்டும் என்று அழைத்தாள். வாறம் என்று பதில் வந்தது.

துன் ஏரிக்கு மேலே ஒரு பக்கப் பள்ளத்தாக்கில், குளிர்காலத்திலும் திறந்திருக்கிற, கரவன்களை நிறுத்தித் தங்குகிற ஒரு சின்ன முகாமைப் பொங்கலுக்கென்று வேணுகா பிடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தார்கள். சனிக்கிழமை முழுக்கப் பனி கொட்டியது. வேணுகாவுக்கு அதுவும் பிடித்திருந்தது. கூரையில் ஏறிய பனியைக் கூட்டுகிற தும்புத்தடியால் தள்ளினாள். கதவுப் பூட்டு இறுகியபோது சுடுதண்ணீர்ப் பையை வைத்து இளக்கினாள். உறைகுளிரிலும் எரிகிற புரோப்பேன் காஸ்தான் வேண்டும் என்று முன்னமே கேட்டு வாங்கியிருந்ததால் உள்ளே வெறும் சட்டையோடு இருக்கக்கூடிய சூடு. கைப்பிரேக்கை இழுத்துவிட்டால் அது அப்படியே உறைந்து சில்லைப் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்து, பிரேக்கைத் தளர்த்திச் சில்லுகளுக்குக் கட்டை வைத்திருந்தாள். கரவனைத் தாங்குகிற கால்களுக்குக் கீழே பலகையும் வைத்தாள். சதீசன் தேநீரைக் குடித்துக்கொண்டே, நீர் இவ்வளவும் எப்ப படிச்சனீர் என்று கேட்டான். அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு மினுக்கம் இருந்தது.

ஞாயிறு காலை வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக விடிந்தது. வேணுகா சேலைக்கு மேலே பனிக்கோட்டைப் போட்டுக்கொண்டு, கதவுக்கு நேரே பனியை நிலம் தெரிய வழித்து, துன்னிலிருந்து கொண்டுவந்த மூன்று செங்கல்லை வைத்தாள். கோயிலில் கொடுத்த நாட்காட்டியில் சூரிய உதயமும் பொங்கல் நேரமும் தெளிவாகப் போட்டிருந்தன. சொன்ன நேரத்துக்குச் சிவமணியும் கனகசபையும் வந்து இறங்கினார்கள். சிவமணி பட்டுச் சேலையின் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரவனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு, பிறகு வாறன் என்று வெளியிலேயே நின்றாள்.

எல்லாரும் சூரியனைப் பார்த்து நின்றார்கள். சூரியனைத்தான் காணவில்லை.

எதிர் மலையின் உச்சி பளபளத்தது. பிறகு அதன் தோள் பளபளத்தது. முகாம் மட்டும் சாம்பல் நிற நிழலிலேயே கிடந்தது. நாட்காட்டி சொன்ன நேரம் வந்தது, போனது. கனகசபை கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு குதிக்கத் தொடங்கினார். முகாமை நடத்துகிற ஃபிராவ் ரீடர் என்ற சுவிசுக்காரி பனி வழிக்கிற மண்வெட்டியோடு அந்தப் பக்கம் வந்தாள். எல்லாரும் ஏன் மலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று கேட்டாள். வேணுகா சொன்னாள். அந்த மனுசிக்கு முதலில் விளங்கவில்லை, விளங்கியதும் முகம் வாடிவிட்டது. இந்தப் பக்கத்துக்குச் சூரியன் பெப்ரவரியில்தான் வரும், தெற்கு மலை மறைக்கிறது, இங்கே எல்லாருக்கும் தெரியும் என்பதால் நான் சொல்ல நினைக்கவில்லை என்றாள்.

நாட்காட்டி பார்த்தவள் மலையைப் பார்க்கவில்லை. காஸ், பூட்டு, பிரேக், பலகை என்று எல்லாவற்றையும் யோசித்தவள், எதற்காக இவ்வளவு தூரம் வந்தாளோ அதை யோசிக்கவில்லை. வேணுகாவுக்குக் காது சூடாகியது. மச்சாளின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இந்தக் கதை நாளைக்கு எத்தனை வீட்டில் ஏறி இறங்கப் போகிறது என்று நினைத்தாள். தீயணைப்பு வண்டி வந்த அன்றைக்காவது மச்சாள் பக்கத்தில் இல்லை.

ஃபிராவ் ரீடர் மண்வெட்டியால் எதிர்ச் சரிவைக் காட்டினாள். வெயில் விழுந்து மின்னிய இடத்தில் ஒரு பண்ணை தெரிந்தது. அது அவளுடைய தம்பியின் பண்ணை. பால் வண்டி போவதால் பாதையைத் தினமும் வழித்துவிடுவான், கேட்டால் முற்றத்தைத் தருவான் என்று சொல்லி, அந்த இடத்திலேயே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டும் விட்டாள்.

சிவமணிக்கு உயிர் வந்தது. "அப்ப என்ன, பானையையும் கல்லையும் காரிலை ஏத்துங்கோ," என்றாள். "மேலை போய்ப் பொங்குவம். பெட்டி இதிலை நிக்கட்டும்."

அவள் சொன்னது சரியான வழி. சதீசனும் தலையாட்டினான். பானை போகும், பால் போகும், சூரியனும் இருக்கும். ஆனால் வேணுகா கரவனின் கதவைப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய முற்றத்தில் போய்ப் பொங்குவதென்றால் கோயில் மண்டபத்தில் வருடா வருடம் பொங்கியிருக்கலாமே.

"இல்லை மச்சாள்," என்றாள். "நான் என்ரை வாசலிலைதான் பொங்குவன். வாசலும் வரும்."

சதீசன், சில்லு வழுக்காமல் இருக்கப் பூட்டுகிற பனிச் சங்கிலிகளை எடுத்துக்கொண்டு காரின் சில்லுப் பக்கம் குந்தினான். கரவனின் கால்களை உயர்த்தினார்கள், பலகை வைத்திருந்தபடியால் ஒன்றும் உறைந்து ஒட்டவில்லை. கட்டைகளை எடுத்தார்கள், பிரேக் உறைந்து பிடித்திருக்கவில்லை, சில்லு சுற்றியது. கனகசபையின் காருக்குச் சங்கிலி இல்லாததால் அதை அங்கேயே விட்டுவிட்டு நாலு பேரும் வேணுகாவின் காரில் ஏறினார்கள். சிவமணி பின்னால் இருந்து மடியில் பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

கீழ்ப் பாதை நல்லதாகவே இருந்தது. சங்கிலிகள் பனியைக் கடித்துக்கொண்டு ஏறின. முதல் வளைவு, அடுத்த வளைவு என்று வேணுகா அகலமாக எடுத்து, கரவனின் பின்புறம் வரம்பில் உரசாமல் கொண்டுபோனாள். சிவமணி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். கடைசி வளைவில்தான் வினை வந்தது. வெளிப் பக்கத்தில் வழித்த பனி மதில்போலக் குவிந்து கிடந்ததால், அகலமாக எடுக்க இடமில்லை. கார் திரும்பிவிட்டது, கரவன் உட்பக்கக் கல்லில் முட்டப் பார்த்தது. வேணுகா நிறுத்தினாள்.

மேலே, கூப்பிடு தூரத்தில், வெயில் தெரிந்தது. சதீசன் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, கோபமில்லாமல், இதிலேயே நிப்பாட்டுவோம், இவ்வளவு கொண்டுவந்ததே பெரிய காரியம், மிச்சத்தை நடந்து போவோம் என்றான். கனகசபை அதை ஆமோதித்தார். வேணுகாவுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. இறக்கம், பனி, பின்னால் கரவன். முன்னால் போக வழியில்லை. பின்னால் எடுத்து, நேராக்கி, மறுபடி வளைவைப் பிடிக்க வேண்டும். தரிப்பிடத்தில் இதை எத்தனையோ தரம் செய்தவள்தான். ஆனால் தரிப்பிடத்துக்குப் பள்ளம் இல்லை.

"நீங்கள் எல்லாரும் இறங்குங்கோ," என்றாள். பிறகு சதீசனைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, நீங்கள் பின்னாலை நிண்டு கையைக் காட்டுங்கோ. உங்கடை கை தெரியாட்டி நான் நிப்பாட்டுவன்."

முதல் தரம் கரவன் கோணிக்கொண்டு வரம்புப் பக்கம் போனது. சிவமணியின் குரல் கேட்டது, என்ன சொன்னாள் என்று வேணுகா கவனிக்கவில்லை. கொஞ்சம் முன்னால் எடுத்து நேராக்கினாள். கையை ஸ்டியரிங்கின் அடியில் வைத்தாள். அடியைப் பிடித்தால் கை போகிற பக்கமே கரவனும் போகும். அதைப் பழகத்தான் அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. மெல்ல, நடக்கிறவரைவிட மெல்ல, பின்னால் விட்டாள். கண்ணாடியில் சதீசனின் கை வா வா என்றது, பிறகு உயர்ந்து நின்றது. கரவன் பாதையின் நடுவில் நேராக நின்றது. அதற்குப் பிறகு அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒரே மூச்சில் வளைவைப் பிடித்து, கல்லுக்கும் பனி மதிலுக்கும் நடுவால் கரவனை இழுத்துக்கொண்டு வெயிலுக்குள் ஏறினாள்.

மற்ற மூவரும் நடந்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, கரவன் பண்ணை முற்றத்தில், கதவைச் சூரியனுக்கு நேரே திறந்து வைத்துக்கொண்டு நின்றது. வேணுகா சில்லுக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

நாட்காட்டியில் மத்தியானத்துக்கு முன் இன்னொரு நல்ல நேரம் இருந்தது. வேணுகா மாவை எடுத்துக் கோலம் போடத் தொடங்கி, பனியில் வெள்ளை மா கண்ணுக்கே தெரியாமல் போக, விழித்துக்கொண்டு நின்றாள். சிவமணி கரவனுக்குள் ஏறினாள். உள்ளே தட்டுகளைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. மஞ்சள்தூளோடு வந்து, அதை மாவில் கலந்து, பட்டுச் சேலையோடு பனியில் குந்தியிருந்து கோலத்தைத் தானே போட்டு முடித்தாள். வெள்ளைப் பனியில் மஞ்சள் கோலம், பண்ணைக்காரன் மாட்டுக் கொட்டிலுக்கு வெளியே வந்து பார்க்கிற அளவுக்கு எடுப்பாக இருந்தது.

விறகு நன்றாகப் பிடித்தது. யாரும் எந்த வண்டியையும் கூப்பிடவில்லை. பால் நுரை கட்டி, எழும்பி, சூரியன் நின்ற பக்கமாகவே வழிந்து செங்கல்லில் சீறியது. கனகசபை கை தட்டினார்.

முதல் அரிசி வீட்டுத் தலைவர் போடுவது முறை. சதீசனுடைய தகப்பன் போட்டார், அவருக்குப் பிறகு சதீசன் போட்டான். மின்னடுப்புக்கு முன்னால் நின்றாலும் அவன்தான் போட்டான். வேணுகா அரிசித் தட்டை அவனிடம் நீட்டினாள். அதில் அவளுக்கு ஒரு மனக்குறையும் இருக்கவில்லை, அப்படித்தான் செய்வது. அவன் கையை நீட்ட, சிவமணி நடுவில் வந்து தட்டின் விளிம்பைப் பிடித்தாள்.

"பொறு தம்பி," என்றாள். "வீட்டுக்காரர் போடுறதுதானே முறை. இது வேணுகான்ரை வீடு. அவ போடட்டும்."

சதீசன் சிரித்துக்கொண்டு விலகி நின்றான்.

மச்சாளுக்குச் சொல்லவென்று வேணுகா எத்தனையோ பதில்களை ஆயத்தமாக வைத்திருந்தாள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு வேலைக்குப் போகிற வழியில், காருக்குள் தனியே சொல்லிச் சொல்லிப் பழகியவை. இப்போது அவை ஒன்றும் தேவைப்படவில்லை. கையுறைகளைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்தாள். இரண்டு கையாலும் அரிசியை அள்ளி, பானையை மூன்று தரம் சுற்றி, உள்ளே விட்டாள். ஆவி முகத்தில் அடித்தது. கண் கலங்கியதற்கு அதைச் சாட்டாகச் சொல்லலாம். தன்னுடைய வாசலில், தானே கொண்டுவந்து நிறுத்திய வாசலில், தலையை நிமிர்த்திச் சூரியனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு விலகி நின்று தட்டை நீட்டினாள்.

"வாங்கோ மச்சாள். அடுத்தது நீங்கள் போடுங்கோ."